தலைக்கு மேல் தோட்டம்

விழாது. நூறு வருஷத்துக்கு மேல் நிற்கிறது, இன்றைக்குப் பார்த்தா விழப்போகிறது, என்று எனக்கே இன்னொரு தரம் சொல்லிக்கொண்டேன், சொல்லி முடிப்பதற்குள் வாய் கசந்துவிட்டது, ஏனென்றால் இடிந்து விழுந்த கட்டடங்களின் சொந்தக்காரர்கள் எல்லோரும் முந்தின நாள் வரை இதையேதான் சொல்லியிருப்பார்கள், அவர்களைப் பார்த்து நான் எத்தனை முறை சிரித்திருக்கிறேன். மழை விடுகிற மாதிரித் தெரியவில்லை. காலையில் இந்தப் படிப்பகத்தைப் பார்த்துக்கொள்கிற ஸ்டெல்லா அக்கா போன் செய்து, மேடம், கிழக்குச் சுவர் பக்கம் ஒழுகுது, சும்மா ஒரு நட வந்து பாத்துட்டுப் போங்க என்று சொன்னபோது தூறல்தான், தளத்தில் ஒரு விரிசலை அடைக்கிற மாதிரி ஏதோ சின்ன வேலை என்று நினைத்துக்கொண்டு பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்தேன், வந்து ஏணி போட்டு ஏறி, உத்திரக் கட்டை சுவருக்குள் நுழைகிற இடத்தில் ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினேன், அது பழுத்த கொய்யாவுக்குள் போவது போலக் கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. பர்மா தேக்கு. அடுத்த கட்டையும் அப்படித்தான். அதற்கடுத்ததும். நாலாவதைக் குத்திப் பார்க்கக் கை வரவில்லை, ஏணியை விட்டு இறங்கிவிட்டேன். நடுவில் தட்டினால் கணீர் என்கிறது, இரும்பு தோற்கும், சுவருக்குள் மறைந்திருக்கிற முனை மட்டும் சேறாகக் கிடக்கிறது, ஆனால் கட்டை உட்கார்ந்திருப்பது அந்த முனையில்தானே. இறங்கியதும் ஸ்டெல்லா அக்கா, சின்ன வேலதானே மேடம் என்று கேட்டாள், நான் ஆமா என்றேன். ஏன் ஆமா என்றேன்? அப்போதுதான் மழை பிடித்தது, தூத்துக்குடி மழை, வருஷமெல்லாம் வராது, வந்தால் பாக்கியை வட்டியோடு கொட்டிவிட்டுப் போகும். அப்போதிலிருந்து இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன், கடைசி மேசையில், அந்த மூன்று கட்டைகளுக்கு நேர் கீழே, ஆறிப்போன சாயாவை வைத்துக்கொண்டு. விழுந்தால் என் மேலும் விழட்டும் என்பதற்காகவா, அல்லது நான் உட்கார்ந்திருக்கிற வரை விழாது என்றா, தெரியவில்லை, இரண்டுமே பைத்தியக்காரத்தனம்.

எனக்கு முன்னால் நாற்பது முதுகுகள். கொஞ்சம் கூடவும் இருக்கும், எண்ண மனசில்லை. எல்லாம் குரூப் ஃபோர் முதுகுகள், ஞாயிற்றுக்கிழமை பரீட்சை, இன்றைக்கு வியாழன், ஆகவே யாரும் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. புளியோதரை வாசம், ஈரக்குடை வாசம், அமிர்தாஞ்சன் வாசம், இவற்றுக்கெல்லாம் அடியில் நனைந்த சுண்ணாம்பின் வாசம், அது ஒரு காலத்தில் எனக்கு மல்லிகையை விடப் பிடித்த வாசம், இப்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறேன். இங்கே ஒரு பஞ்சு கம்பெனியின் ஆபீஸ் இருந்தது, அப்புறம் பூட்டிக் கிடந்தது, அப்புறம் வௌவால், அப்புறம் நான். மற்றவர்கள் பத்திரத்தை விரித்துவைத்துக்கொண்டு எத்தனை மாடி எழுப்பலாம் என்று கணக்குப் போட்டபோது, நான் இந்த நடுக்கூடத்தில் வந்து நின்று, உள்ளே நுழைந்ததும் வெயில் எப்படி ஒரே அடியாக விலகிப்போகிறது என்று முட்டாள் மாதிரிக் கையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சித்திரை மாதம் அது. இடிப்பதற்கு ஆகும் டீசல், புதிதாகக் கட்டுவதற்கு ஆகும் சிமெண்ட், அந்த சிமெண்டைச் சுடுவதற்கு ஆகும் கரி, இதையெல்லாம் ஊர் ஊராகப் போய்ச் சொல்லித் தொண்டை தேய்ந்த காலம், ஏற்கனவே கட்டியிருக்கிற கட்டடத்தை விடப் பசுமையான கட்டடம் கிடையாது என்று நான் சொல்ல, கைதட்டுவார்கள், டீ கொடுப்பார்கள், மறுநாள் போய் இடிப்பார்கள். இது ஒன்றுதான் தப்பியது. இதில் ஏசி இல்லை. ஏசி இல்லாமல் கத்திரி வெயிலில் இத்தனை பேர் உட்கார்ந்து படிக்கிறார்கள், வீட்டில் ஒரே அறை, டிவி, மாமியார், தண்ணீர் மோட்டார், இங்கே வந்தால் குளிர்ச்சி, சத்தம் இல்லை, காசும் இல்லை. விடியற்காலையிலேயே வந்து துண்டும் தண்ணீர் பாட்டிலும் போட்டு இடம் பிடிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள். குளிர்ச்சிக்குக் காரணம் கனத்த சுவர், உயரமான கூரை, அந்தக் கூரைக்கு மேலே நான் போட்ட புல். புல் என்னுடைய யோசனை. என்னுடைய கெட்டிக்காரத்தனம்.

புல்லாக இருந்தவரை ஒன்றுமில்லை, விரல் கனத்துக்கு மண், அதற்குக் கீழே தண்ணீர் இறங்காத தாள், ஓரத்தில் வடிகால், எல்லாம் முறையாகத்தான் போட்டேன், போட்டேனா, போட்டேன், அதையும் இப்போது சந்தேகப்பட ஆரம்பித்தால் எங்கே போய் நிற்பது. முதல் வருஷம் இங்கே படித்த ஒரு பெண், தலைச்சூடு தணிய மேலே போனவள், டிபன் பாக்ஸில் கிடந்த தக்காளி விதையைப் புல்லுக்குள் போட்டுவிட்டு வந்தாள். காய்த்தது. அவள் பாஸாகிவிட்டாள், விளாத்திகுளத்தில் வேலை. அவ்வளவுதான். அடுத்த பரீட்சைக்கு ஆளுக்கொரு செடி. தக்காளி, கத்தரி, வெண்டை, பிறகு ஒருத்தன் முருங்கைக் கம்பு, பிறகு ஒருத்தி வாழைக்கன்று, வாழை குலை தள்ளிவிட்டால் வேலை நிச்சயம் என்று ஒரு சாத்திரம் தானாகப் பிறந்தது. செடி என்றால் மண் வேண்டும், ஆளுக்கொரு சாக்கு மண் வந்தது, செம்மண், வண்டல் மண், குளத்துக் கரம்பை. தண்ணீர் காலையில் ஒரு குடம், சாயங்காலம் ஒரு குடம், வாடினால் ஃபெயில் ஆகிவிடுவோமே என்ற பயத்தில் நடுவிலும் ஒரு குடம். அரசியலமைப்புச் சட்டத்தின் ஷரத்துகளை வரிசை மாறாமல் ஒப்பிக்கிறவர்கள், கணக்கில் புலிகள், ஒரு வெண்டைச்செடிக்குக் கும்பிடு போட்டுவிட்டு ஹாலுக்குள் வருவார்கள். வடிகாலில் வேர் அடைத்திருக்கும், தாளைக் கிழித்துக்கொண்டு முருங்கை இறங்கியிருக்கும், தண்ணீர் சுவர் வழியே போய்க் கட்டை முனைகளில் உட்கார்ந்திருக்கும், வருஷக்கணக்காக. எனக்குத் தெரியாதா? மேலே போனேன், பார்த்தேன், அழகாயிருந்தது, அதுதான் சங்கதி, கண் நிறைந்துபோனது, மக்கள் ஒரு கட்டடத்தைத் தங்களுடையதாக ஆக்கிக்கொள்வது இப்படித்தான் என்று போட்டோ எடுத்துப் பெங்களூரில் ஒரு கூட்டத்தில் காட்டினேன். பிள்ளையார் பிடிக்கப் போனேன். தலைக்கு மேல் இப்போது ஈரத்தோடு எத்தனை லாரி மண் நிற்கிறது என்று மனசு தானாகப் பெருக்குகிறது, நிறுத்து என்றால் நிற்பதில்லை, இரண்டு லாரி, மழை இப்படியே பெய்தால் மூன்று, மூன்று லாரியைக் கூரைக்கு மேலே நிறுத்திவிட்டுக் கீழே பிள்ளைகளை உட்காரவைத்திருக்கிறேன்.

அண்ணாந்து பார்க்காதே, பார்த்தால் யாராவது கவனிப்பார்கள். பார்க்கிறேன். கட்டைகள் வரிசையாக, இடையில் நெட்டுக்குத்தாக அடுக்கிய செங்கல், ஒரு கூரையை இத்தனை நேர்த்தியாகச் செய்தவர்களின் பெயர் ஒன்றுகூட யாருக்கும் தெரியாது. அப்பா எங்கே போனாலும் இப்படித்தான் அண்ணாந்து பார்ப்பார், கல்யாண வீட்டில், ஆஸ்பத்திரியில், பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகூட. பழைய வீடுகளை விலைக்கு வாங்கி இடித்து, கதவு ஜன்னல் உத்திரம் என்று பிரித்து விற்கிற தொழில், எத்தனை கன அடி தேறும் என்பதுதான் அவர் கண்ணில் நிற்கும். அவர் இடிச்சு உன்னைப் படிக்க வச்சாரு, நீ இடிக்காத இடிக்காதன்னு ஊரெல்லாம் போய்க் கத்துத என்று அம்மா கேலி செய்வாள். நான் அண்ணாந்து பார்த்தால் எனக்கு நிழல் தெரியும், காற்று போகிற வழி தெரியும், நான் வேறு ஜாதி என்று நினைத்திருந்தேன். இப்போது அவர் கண்ணாலேயே பார்க்கிறேன், எது முதலில் போகும், இரண்டாவது போனால் மூன்றாவது தாங்காது, மூன்றாவது போனால் நடு வரை இழுத்துக்கொண்டு வரும். முட்டுக்கொடுக்கலாம். சவுக்குக்கம்பு வைத்திருக்கிற ஆளுக்குக் காலையிலேயே போன் செய்துவிட்டேன், மழை மேடம், லாரி வராது, நாளைக்குப் பாப்போம் என்றான். மண்ணை அள்ளிக் கொட்டிவிடலாம், நாற்பது பேர் இருக்கிறார்கள், ஆனால் அள்ளுவதற்கு அந்த நாற்பது பேரும் மேலே ஏற வேண்டும், ஏறினால் அந்த எடை. ஒரு பக்கம் யோசித்தால் மறுபக்கம் இடிக்கிறது. வெள்ளையடிக்கப் போகிறோம் என்று இரண்டு நாள் பூட்டலாம், ஆனால் யார் பூட்டுவது, என் சொல்லுக்கு மறுநாளும் பூட்டிக்கிடக்குமா, சாவி ஸ்டெல்லா அக்காவிடம், அவளுக்கு இந்தப் பிள்ளைகள் என்றால் உயிர், கெஞ்சினால் திறந்துவிடுவாள். ஒழுகுகிற இடத்தில் அவள் ஒரு பேசின் வைத்திருக்கிறாள், சொட்டுச் சத்தம் படிக்கிறவர்களுக்கு இடைஞ்சல் என்று அதற்குள் ஒரு பழைய துணியை மடித்துப் போட்டிருக்கிறாள், சத்தமே இல்லாமல் சொட்டுகிறது.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான், நாளை ஒரு நாள், சனி ஒரு நாள், ஞாயிறு காலையில் எல்லோரும் பரீட்சைக்குப் போய்விடுவார்கள், பிறகு பூட்டிக்கொள்ளலாம், பிறகு என்ன வேண்டுமானாலும் ஆகட்டும். எனக்கு நேர் முன்னால், சுவரை ஒட்டி, பேச்சித்தாய் இருக்கிறாள், முப்பது வயதிருக்கும், பிள்ளையை அம்மா வீட்டில் விட்டுவிட்டுக் குரும்பூரிலிருந்து வருகிறாள். அவள் இடம் அது, இருப்பதிலேயே குளிர்ந்த இடம் என்று போன வருஷம் அடித்துப்பிடித்து வாங்கினாள். சுவர் ஏன் குளிர்ந்திருக்கிறது என்று இன்றைக்குக் காலையில்தான் எனக்கு விளங்கியது. முதுகைச் சுவரில் சாய்த்திருக்கிறாள், ஜாக்கெட்டின் பின்பக்கம் ஈரம் வட்டமாக ஏறியிருக்கிறது, அவளுக்குத் தெரியவில்லை, உதடு மட்டும் அசைகிறது. மெல்லக் குனிந்து, பேச்சி, வேற இடத்துல போய் உக்காரேன் என்றேன். எதுக்கு மேடம்? இங்கன ஒழுகுது. அதான் பேசின் வச்சிருக்காவளே. நடுவுல போய் உக்காரேன்ம்மா. நடுவுல எடம் ஏது மேடம், அங்கன சேர்மதுரையண்ணன் புஸ்தகத்தப் பரப்பி வச்சிருக்காரு, எனக்கு இந்த எடத்துல இருந்தாத்தான் ஏறும். சிரித்தாள். பல்வரிசையில் ஒன்று லேசாகத் தூக்கியிருக்கும், சிரிக்கும்போது குழந்தை மாதிரி ஆகிவிடுவாள். சேர்மதுரை தன் பேர் காதில் விழுந்ததும் திரும்பினான், இவனுக்கு இது கடைசி முறை, இதிலும் இல்லையென்றால் மச்சானோடு சவூதிக்குப் போய்விடுவதாக வீட்டில் கையடித்துச் சத்தியம் செய்திருக்கிறான். மேடம், மழ விட்டதும் போவலாம், நீங்க ஏன் கெடந்து தவிக்கிய, ஒங்க மூஞ்சியப் பாத்தா நீங்கதான் பரீட்ச எழுதப்போற மாதிரி இருக்கு என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள், யாரோ உஸ் என்றார்கள். நானும் சிரித்தேன். சிரிக்க முடிந்தது பார்.

சொல்லிவிடலாம். எழுந்து நின்று சொல்லிவிடலாம், கூரை போய்விட்டது, வெளியே போங்கள். போவார்கள், இன்றைக்குப் போவார்கள். நாளைக் காலையில் வருவார்கள், கூரை நிற்கும், நிற்கிற கூரையைப் பார்த்து யார் பயப்படுவார், ரெண்டு நாளுதானே மேடம் என்பார்கள், ரெண்டு நாளுதானே என்று நானும் நினைப்பேன், இப்போதே நினைக்கிறேனே. பூட்டுகிற அதிகாரம் ஒருவருக்குத்தான் உண்டு. லியோன் சார், பஞ்சு கம்பெனிக்காரரின் பேரன், சென்னையில் இருக்கிறார், நல்ல மனுஷன், அதுதான் கஷ்டம். கெட்டவனாயிருந்தால் சண்டை போட்டுக்கொண்டே காலத்தை ஓட்டியிருக்கலாம். இலவசமாகக் கொடுத்தார், எத்தனை வருஷம் வேண்டுமானாலும் நடத்துங்க செண்பகம், ஆனா ஒண்ணு, கட்டடத்துக்கு ஆபத்துன்னு தெரிஞ்ச அன்னைக்கு என்கிட்ட சொல்லிடணும், நான் எடுத்துக்குவேன், அப்புறம் என்னை யாரும் தடுக்கக்கூடாது. கை குலுக்கினேன். இதை எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், எதிர்ச்சாரியில் அவருடைய தம்பி இடத்தில் ஏற்கனவே ஐந்து மாடி எழுந்து கண்ணாடி மாட்டிக்கொண்டு நிற்கிறது, பகலெல்லாம் கூசுகிறது, ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு ஏசி வெளியே தொங்கிக்கொண்டு தெருவுக்குச் சூட்டை ஊதுகிறது. பழுதுபார்க்கலாம் சார், அரைக் கூரையைப் பிரித்து முனைகளை வெட்டிப் புதுக்கட்டை சேர்க்கலாம், எனக்கு எப்படி என்று தெரியும், மூன்று மாதம் போதும் என்று நான் சொல்வேன். சொல்வேன், அவர் பொறுமையாகக் கேட்பார். இந்தப் பதினைந்து வருஷத்தில் எத்தனை பேர் பொறுமையாகக் கேட்டிருக்கிறார்கள். கோவில்பட்டியில் அந்தத் தீப்பெட்டி ஆபீஸ், மணப்பாட்டுப் பக்கம் அந்தப் பங்களா, சாத்தான்குளத்தில் பழைய தியேட்டர், ஒவ்வொன்றுக்கும் படம் வரைந்தேன், ஒவ்வொரு படத்திலும் மரம் நட்டேன், மனிதர்களை நடமாட விட்டேன், ஒரு குழந்தை பலூனோடு ஓடும், எல்லாப் படத்திலும் அதே குழந்தை, வெட்டி ஒட்டுவேன். எல்லா இடத்திலும் ஜேசிபி வந்தது. இது ஒன்றில்தான் நிஜமாகவே ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். இதையும் நானே சொல்லி நானே கொடுக்க வேண்டும். இது போனால் நான் யார்? இடிக்காதே என்று ஊருக்குச் சொன்னவள் கைவைத்த ஒரே கட்டடம் அவள் வைத்த தோட்டத்தாலேயே போயிற்று என்றால், இனி எவனிடம் போய் எந்தக் கட்டடத்தைக் காப்பாற்று என்று கேட்பேன், வாயைத் திறக்கும் முன்பே தூத்துக்குடி என்பான். இனி இந்தப் பக்கத்தில் பழைய சுவர் எதுவும் பிழைக்காது. அதனால் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும். அதனால், அதனால் என்று எதை எதோடு கட்டுகிறேன், எனக்குப் பேர் போய்விடும் என்பதற்காக அந்தப் பெண்ணை அங்கே உட்காரவைத்திருக்கிறேனா, சீ, அப்படியில்லை, அவளுக்குப் பரீட்சை, அவளுக்குப் போக்கிடம் இல்லை, அவளுக்காகத்தான். பேச்சிக்காகத்தான். நன்றாயிருக்கிறது கதை.

கடுகு அளவுதான். மேலேயிருந்து ஒரு சுண்ணாம்புத் துணுக்கு உதிர்ந்து பேச்சித்தாயின் விரித்த புத்தகத்தில் விழுந்தது. நான் பார்த்தேன், வேறு யாரும் பார்க்கவில்லை. அவள் நிமிரக்கூட இல்லை, வாயைக் குவித்து ஃபூ என்று ஊதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள். சோற்றில் கிடக்கிற நெல்லை எடுத்துப்போட்டுவிட்டுச் சாப்பிடுகிற மாதிரி. அவ்வளவு நம்பிக்கை கூரை மேலே. கூரை விழும் என்று யாருக்கும் தோன்றுவதே இல்லை, கூரை என்பதே அதற்குத்தானே. ஒரு துணுக்கு, அது எப்போதும் உதிர்கிறதுதான், பழைய கட்டடம் தோல் உரிக்கும், ஒன்றுமில்லை, மழை குறைகிற மாதிரி இருக்கிறது, இல்லை, குறையவில்லை, இன்னும் கொஞ்ச நேரம், ஒரு சாயா குடிக்கிற நேரம், பிறகு முடிவு செய்யலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கை போனை எடுத்துவிட்டது. அந்தக் கையை நான் மெச்சவில்லை. நாளைக் காலையில் வெயில் அடித்தால் நான் மனம் மாறிவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும், ஆகவே மாறுவதற்கு முன்னால், நான் திரும்பி வரமுடியாத இடத்துக்கு என்னைத் தள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான். வராந்தாவுக்குப் போனால் மழைச் சத்தத்தில் கேட்காது. அங்கேயே உட்கார்ந்தபடி, வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசினேன். சார், செண்பகம். கிழக்குப் பக்கம் கட்டை முனை மக்கிப்போச்சு சார். எதிர்முனையில் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. எத்தனை கட்டை? மூணு பாத்தேன், நாலாவது பாக்கலை. நேராச் சொல்லுங்க செண்பகம், விழுமா விழாதா? ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம், விழாது என்று சொன்னால் இந்த மனிதர் நம்பிவிடுவார், சரி பாத்துக்கோங்க என்று வைத்துவிடுவார், நான் சொன்னால் நம்பக்கூடிய ஒரே ஆள் அவர். விழும் என்றேன். சரி, ஆளை அனுப்புறேன், பூட்டிடுவான், பிள்ளைங்களை முதல்ல வெளியே எடுங்க. சார், பழுது பாத்து… செண்பகம், நீங்க நல்லாத்தான் செஞ்சீங்க, மனசை விட்றாதீங்க, அதுக்கு ஆயுசு அவ்வளவுதான். அந்த அன்பைத் தாங்க முடியவில்லை. வைத்துவிட்டேன்.

எழுந்து நின்று கைதட்டினேன். நாற்பது முகங்கள் திரும்பின. எல்லாரும் எந்திரிங்க, புஸ்தகத்த எடுங்க, மேற்கு வாசல் வழியா வெளிய போங்க, ஓடாதிங்க, ஆனா நிக்காதிங்க. யாரும் அசையவில்லை. மழை மேடம் என்றார்கள். தெரியும், கூரை விழப்போவுது என்றேன். எல்லோரும் ஒன்றாக அண்ணாந்து பார்த்தார்கள், பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். நல்லாத்தானே இருக்கு மேடம் என்றான் சேர்மதுரை. விழுந்தா எங்க தலையிலதானே விழும், நாங்க பாத்துக்கிடுதோம், மூணு நாளு விட்ருங்க, எழுதிக் குடுத்துட்டு இருக்கோம் என்று சுவரோரம் பேச்சித்தாய் சொன்னாள், விளையாட்டாகச் சொல்லவில்லை. ஸ்டெல்லா அக்கா வந்து என் கையைப் பிடித்து, மேடம், பயங்காட்டாதிய, புள்ளைய மனசு ஒடஞ்சிரும், பரீட்ச நேரம் என்றாள். அப்போது எனக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது, அதை நான் அதுவரை கேட்டதில்லை, வெளிய போங்கன்னு சொல்லுதேன்ல, செத்துத் தொலையப்போறியளா என்று அது கத்தியது. பேச்சித்தாயின் புத்தகத்தைப் பிடுங்கி, கையைப் பிடித்து இழுத்தேன், அவள் கையில் பேனா இருந்தது, என் மணிக்கட்டில் நீளமாக ஒரு கோடு விழுந்தது. அழுதாள். வலிக்காகவோ பயத்துக்காகவோ அல்ல, ஆத்திரத்தில். ஒங்களுக்கு என்ன மேடம், நீங்க வேற எடத்துக்குப் போய் வேற கட்டடம் கட்டுவிய என்றாள். அவளை மேற்கு வாசல் பக்கம் தள்ளிக்கொண்டே போனேன், அதைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள்.

இப்போது எதிர்ச்சாரியில் அந்தக் கண்ணாடிக் கட்டடத்தின் கீழே, ஜெராக்ஸ் கடையின் தகரக் கூரைக்கடியில் நிற்கிறோம், எல்லோரும், நனைந்த ஆட்டுமந்தை மாதிரி. புத்தகங்கள் பாலிதீன் பைக்குள், சேலைக்குள், சட்டைக்குள். என் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு நிற்கிறார்கள். தலைக்கு மேலே ஏசிகள் ஒழுகுகின்றன. எதிரே அது நிற்கிறது, மஞ்சள் சுவர், பச்சை ஜன்னல், உச்சியில் முருங்கையும் வாழையும் காற்றுக்கு ஆடிக்கொண்டு, ஊர்வலத்துக்கு ஜோடித்த மாதிரி, இத்தனை அழகாக அது எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. மழை பலமாக அடித்தது, நான் கிழக்கு மூலையையே பார்த்தேன், எல்லோரும் பார்த்தோம். பிறகு மழை தளர்ந்தது. பிறகு வெறித்துவிட்டது, ஒரே நிமிஷத்தில், தூத்துக்குடி மழை அப்படித்தான், சாயங்கால வெயில் வந்து சுவரில் விழுந்தது, ஜன்னல் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது, ஒரு செங்கல்கூட நகரவில்லை. ஹெல்மெட் போட்ட ஒருவன் பைக்கில் வந்து இறங்கினான், கையில் சங்கிலியும் பெரிய பூட்டும். கேட்டை இழுத்துச் சாத்திச் சங்கிலியைச் சுற்றினான். நாற்பது பேரும் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். நான் இடுப்புக்குக் கீழே, யாருக்கும் தெரியாமல், கையைக் கோத்துக்கொண்டேன். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. விழு என்று வேண்டிக்கொண்டேன். இப்போதே, இவர்கள் கண் முன்னாலேயே, ஒரே ஒரு மூலையாவது, விழு, தாயே, விழுந்துவிடு. இத்தனை வருஷமாக நான் முட்டி மோதி நிற்கவைத்த கட்டடத்தைப் பார்த்து அப்படிக் கேட்டேன். அது நின்றது. பூட்டின் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. சேர்மதுரை கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்துக்கு வந்தான், கோபமாகக்கூட இல்லை, பாவம், தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். நல்லாத்தானே மேடம் நிக்கு?

ஆமா, நல்லாத்தான் நிக்குது என்றேன்.